மரத்தில் ஒரு நீலச் சட்டை

1

“யா அல்லா...!”

அலறல் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

காலை ஏழரை மணி. காரா-ஜாங்காக் அரசு வனத்தின் மரப்பூங்கா.

ஜிபார் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு மரங்களைக் காட்டி விளக்குவது அவள் உத்தியோகம். எந்தப் பாதை எங்கே திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். இன்று கண்ணைத் திறந்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பனி!

பதினான்காம் எண் மரத்தின் அடியில் ஹவாகான் உட்கார்ந்திருந்தாள். இல்லை... விழுந்திருந்தாள். நாற்றங்காலில் இருபது வருஷமாக மண் கொத்தும் ஐம்பது வயதுக்காரி. எளிதில் விழுகிற ஆள் இல்லை.

“என்னக்கா? பாம்பா?”

“பாம்புக்கு நான் ஏண்டி கத்தறேன்? அடிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாத்திருப்பேன். மேல பாரு... மேல!”

ஜிபார் பார்த்தாள்.

காட்டு ஆப்பிள் மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு துணிக் கீற்று. நீல நிறம். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கட்டம். பனியில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாலு நாள்... நாலு மரம்...” ஹவாகானின் பற்கள் தந்தியடித்தன. “உன் புருஷன் சட்டைத் துணிதானே புள்ள இது? காணாமப் போன அன்னிக்குப் போட்டிருந்தானே!”

ஜிபார் கிளையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

இந்தப் பள்ளத்தாக்கில் கிளையில் துணி கட்டிவிட்டால் அது வேண்டுதல் மரம். அதன்மேல் கோடரி வைக்கிற துணிச்சல் எவனுக்கும் கிடையாது. கட்டியவர் தவிர வேறு யாரும் அவிழ்க்கவும் மாட்டார்கள்.

ஆனால் கட்டுவது எப்போதும் உயிரோடு இருப்பவர்கள்தான்!

எங்கோ ஓர் அக்ரூட் காய் மரத்திலிருந்து விழுந்தது.

டொக்...

கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று.

டொக்...

யாரோ பூட்ஸ் காலோடு நடந்து வருவது போல.

“அவன்தான்!” ஹவாகான் ஜிபாரின் கையை இறுக்கிக்கொண்டாள். “ஓமுர்பெக் இப்படித்தான் நடப்பான். ஒரு எட்டு வைப்பான்... நின்னு மரத்தைப் பாப்பான்... அடுத்த எட்டு வைப்பான்...”

“காய் விழுதுக்கா.”

“காய்க்குக் கால் இருக்கற மாதிரி விழுதே!”

ஓமுர்பெக்... வனக் காவலர். ஜிபாரின் கணவர். போன வருஷம் இதே அக்ரூட் அறுவடைச் சமயம், காய் பொறுக்க ஊரே காட்டுக்குள் குடிபோயிருந்த வாரத்தில், மாலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார். யாரோ மேல்காட்டில் கழலை அறுக்கிறார்கள் என்றார்.

கழலை என்பது கிழட்டு அக்ரூட் மரத்தின் அடியில் கட்டி மாதிரிப் புடைத்திருக்கும் பகுதி. அதை அறுத்து மெருகேற்றினால் ஏதோ ஒரு தேசத்துப் பணக்காரர் வீட்டில் மேஜையாகிவிடும். மரம் மூன்று வருஷத்தில் செத்துப்போகும்.

அன்று போனவர் வரவில்லை. பதினொரு கழலைகளோடு ஒரு லாரியும் அன்று காணாமல் போயிருந்தது.

ரஷ்யாவுக்கு ஓடிவிட்டான் என்றது போலீஸ். ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். நான் யாரு?”

“இது என்னடி கேள்வி?”

“காத்திருக்கற பெண்டாட்டியா? விதவையா? தினமும் காலையில ரெண்டு கிண்ணத்துல டீ ஊத்தறேன். ஒண்ணு ஆறிப்போகுது. மத்த பொம்பளைங்க புருஷன் கல்லறையைத் தாண்டறப்ப ரெண்டு கையையும் விரிச்சு முகத்தைத் தடவி ‘ஓமின்’னு துஆ சொல்றாங்க. நான் எந்தப் பக்கம் திரும்பித் தடவறது? எனக்கு அவர் இருக்கற இடம் தெரியணும்க்கா. மாஸ்கோவா இருந்தாலும் சரி... மண்ணா இருந்தாலும் சரி.”

ஹவாகான் மூக்கை உறிஞ்சினாள். “இன்னிக்கு மதியம் டைரக்டர் அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடறாராமே?”

“ஆமா. பன்னெண்டு மணிக்கு.”

ஜிபார் திரும்பி அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

பின்னால் இன்னொரு காய் விழுந்தது.

டொக்...

2

வன டைரக்டர் ஷெர்மமத் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஜிபாரின் கல்யாணத்தில் அண்ணன் ஸ்தானத்தில் நின்று பரிமாறியவர்.

“நாலாவது மரத்துலயுமா?” திரும்பாமலே கேட்டார்.

“ஆமாண்ணே. பதினாலாம் நம்பர்.”

“டீச்சருங்க ஒம்பது பேர் பயிற்சிக்கு வர்ற நாள் அதுவுமா... அதை அவுத்துடச் சொல்லும்மா.”

“நீங்களே அவுக்கலாமே?”

அவர் சட்டென்று திரும்பினார். “நான்... நான் தொட மாட்டேன்.”

“மதியம் கையெழுத்து மட்டும் போடுவீங்களா?”

“வருஷம் ஒண்ணு ஆச்சு ஜிபார். ஆளும் இல்லை... உடம்பும் இல்லை. மேலேயிருந்து மூணு கடிதம் வந்துடுச்சு.”

“திருடிட்டு ஓடினார்னு எழுதப் போறீங்க.”

“அப்படி இல்லைம்மா. ‘வனச் சொத்துடன் தலைமறைவு’ன்னுதான்...”

“ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்? எழுத்து அழகா இருக்கும்... அவ்வளவுதானே?”

ஷெர்மமத் ஜன்னலை விட்டு வந்தார். மேஜை டிராயரைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

ஏன் இவர் இவ்வளவு பயப்படுகிறார்...?

“போலீஸைக் கூப்பிடறேன்.” ரிசீவரை எடுத்தார். “கைனசார் வந்து பாக்கட்டும். பேயோ... மனுஷனோ...”

மாவட்டப் போலீஸ் கேப்டன் கைனசார் மறுமுனையில் சிரிப்போடுதான் பேச ஆரம்பித்தான். குரல் அறை முழுக்கக் கேட்டது.

“என்ன டைரக்டர்? உங்க மரம் எதுவும் ஓடிப்போயிடுச்சா?”

“மரத்துல துணி கட்டியிருக்கு கேப்டன். நாலு நாளா. ஓமுர்பெக் சட்டைத் துணி.”

மறுமுனையில் சத்தமே இல்லை.

“ஹலோ... கேப்டன்?”

“எந்தச் சட்டை?”

“நீலம்... வெள்ளைக் கட்டம்...”

“வர்றேன்.”

மாவட்டத் தலைநகரிலிருந்து காரா-ஜாங்காக்குக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். மலைப்பாதை. பனி வேறு.

ஜீப் நாற்பத்தைந்து நிமிஷத்தில் வந்து நின்றது!

3

மேல் சாலை முழுக்க அறுவடைக் குடும்பங்களின் வண்டிகளும் கழுதைகளும் சாக்குகளும். அதனால் ஜீப்பைப் பூங்காவின் கீழ்வாசலில் விட்டுவிட்டுப் பனிக்குள் நடந்து வந்தான் கைனசார். நாற்பது வயது. பெல்ட்டை மீறிய தொப்பை. வாயில் உப்புத் தயிர் உருண்டை. பின்னால் சார்ஜென்ட் துருஸ்பெக், வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான இளைஞன்.

அலுவலக வாசலில் ஒன்பது டீச்சர்களும் ரொட்டியைப் பிய்த்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் உயிரியல் டீச்சர்கள். மூத்தவள் பூர்மகான். அறுபத்துமூன்று வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள்.

“கைனசார்! தொப்பியை நேரா வை!”

கேப்டனின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. டீச்சர்கள் சிரித்தார்கள்.

“சலாம் டீச்சர்... இன்னும் ரிட்டயர் ஆகலையா?”

“உன்னை மாதிரி பத்துப் பேரைப் படிக்க வெச்ச பாவம்... அதுக்கு இன்னும் தண்டனை முடியலை.”

“நான் இப்ப கேப்டன் டீச்சர்!”

“மகரந்தச் சேர்க்கைன்னா என்னன்னு கேட்டா இப்பவும் முழிப்பே.”

கைனசார் சிரித்துக்கொண்டே அவர்களைத் தாண்டினான். பதினான்காம் மரத்தருகே வந்ததும் சிரிப்பு நின்றது. துணியை விரலால் தொடவில்லை. பேனாவால் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“தங்கச்சி...” குரல் கரகரத்தது. “உன் புருஷன் மாஸ்கோவுல தெருப் பெருக்கிட்டு இருக்கான். பேயா வர்றதுக்குக்கூட அங்கேருந்து டிக்கெட் எடுக்கணும். இது யாரோ மனுஷன் வேலை.”

“யாருண்ணே?”

“கண்டுபிடிச்சுட்டா போச்சு. துருஸ்பெக்! டைரக்டர் ரூமைச் சோதனை போடணும். எல்லாரும் வெளிய நில்லுங்க. நீயும்தான்.”

“சார்... ரெண்டு பேரா சோதனை போடணும்னு ரூல்...”

“ரூலை எழுதினவன் மாவட்டத்துல நான்தான். நில்லு.”

அலுவலகத்துக்குத் திரும்பி அவன் மட்டும் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

பத்து நிமிஷம் கழித்துத் திறந்தது.

கைனசாரின் கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. தாளைப் பிரித்தான். உள்ளே ஓர் இரும்புச் சுத்தியல். அதன் முகத்தில் ஓர் எண் புடைத்திருந்தது.

7.

ஜிபார் ஓரடி முன்னால் வந்தாள்.

வனக் காவலர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்தச் சுத்தியலால் முத்திரை அடித்த மரத்தைத்தான் வெட்டலாம். எந்தக் காவலரும் அதைக் கீழே வைக்க மாட்டார். ஓமுர்பெக் சாப்பிடும்போதுகூட மடியில் வைத்திருப்பார். அவள் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்... ‘எனக்குச் சக்களத்தி இரும்புல வந்திருக்கா’ என்று.

ஏழாம் எண் அவருடையது!

“டைரக்டர் அலமாரியில... ஃபைலுக்குப் பின்னால...” கைனசார் அடிக்கோடு போடுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “என்ன ஷெர்மமத் சார்? சுத்தியல் தானா நடந்து வந்துதா?”

“எனக்குத் தெரியாது! அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது!”

“துருஸ்பெக்... விலங்கு.”

க்ளிக்!

“ஜிபார்... நான் இல்லைம்மா... என் முகத்தைப் பாரு...”

ஜிபார் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த முகம்தான். இந்த முகத்தைத்தான் ஒரு வருஷமாக நம்பினாள். இப்போது அதில் என்ன இருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை.

“அவர்... இறந்துட்டாரா?” யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டாள்.

“ஆமா தங்கச்சி.” கைனசார் தொப்பியைக் கழற்றினான். “நானும்தான் தப்பா நெனைச்சுட்டேன். கழலை வித்தது இந்த ஆளு. ஓமுர்பெக் கண்டுபிடிச்சான்... இந்த ஆளு முடிச்சுட்டார். மரத்துல துணி கட்டினதும் இவர்தான். உன்னை மிரட்டி ஊரை விட்டு விரட்டறதுக்கு.”

“இல்லை.”

“என்ன இல்லை?”

“துணி கட்டினது இவர் இல்லை. நான்.”

பனிக்குள் எங்கோ ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது.

“நீயா?” ஹவாகான் பின்னாலிருந்து பாய்ந்தாள். “அடிப்பாவி! நாலு நாளா பயந்து எனக்கு வயிறு நிக்கலை!”

ஜிபார் கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தலைத்துணியை எடுத்தாள். நீலம். வெள்ளைக் கட்டம். ஓரத்தில் வரிவரியாகக் கிழிந்திருந்தது.

“உனக்கு எப்படிக் கெடச்சுது அந்தச் சட்டை?” கைனசாரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“சட்டை இல்லைண்ணே. ஜலாலாபாத் சந்தையில ஒரே துணியா வாங்கினோம். அவருக்குச் சட்டை போக மீதியில எனக்குத் தலைத்துணி. ‘நாம ரெண்டு பேரும் ஒரே துணியில வெட்டினவங்கன்னு ஊருக்குத் தெரியட்டும்’னு சொல்லுவார்.” அவள் குரல் உடைந்தது. “யாரோ ஒருத்தருக்கு உண்மை தெரியும். அவங்களைத் தூங்க விடக்கூடாதுன்னு நெனைச்சேன். அவ்வளவுதான்.”

“அப்ப... அந்தச் சட்டை...?”

“அதை நான் பாத்தே ஒரு வருஷம் ஆச்சு.”

கைனசார் சிரித்தான்.

முதலில் மெதுவாக. அப்புறம் தொப்பை குலுங்க. கண்ணில் நீர் வர. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தவன் மாதிரி.

“தலைத்துணியா! நான்கூட ஒரு நிமிஷம்... சரி விடு. கெட்டிக்காரி தங்கச்சி நீ. உன் துணிக்குப் பயந்துதான் மனுஷன் நடுங்கியிருக்கார். கேஸ் முடிஞ்சுது.”

“உடம்பு எங்கண்ணே?”

“ஆத்துல.”

“ஆத்துலயா?”

“இந்த மாதிரி ஆளுங்க வேற எங்க போடுவாங்க? பனி உருகின வெள்ளம் எங்கயோ அடிச்சுட்டுப் போயிருக்கும். தேடாதே தங்கச்சி... கிடைக்காது.”

ஜிபார் தலைத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

மாஸ்கோவும் இல்லை... மண்ணும் இல்லை.

தண்ணீர்! ஓடுகிற தண்ணீரில் எந்த இடத்தைக் காட்டி ஓமின் சொல்வது?

4

கீழ்வாசலுக்குப் போக ஒரே வழி. பூங்காவின் நடுப்பாதை.

முன்னால் கைனசார். அவன் பின்னால் விலங்கிட்ட ஷெர்மமத்தைப் பிடித்தபடி சார்ஜென்ட். அடுத்து ஜிபார். அவளுக்குப் பின்னால் ஒன்பது டீச்சர்களும் கூடவே இறங்கினார்கள். அவளைத் தனியாக விடக் கூடாது என்று பூர்மகான் உத்தரவு போட்டிருந்தாள். கடைசியில் அக்ரூட் உதிர்க்கிற நீளக் கழியோடு ஹவாகான்.

பனி இன்னும் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் திடீர் திடீரென்று எட்டிப் பார்த்து மறைந்தன. தகர எண்கள் மட்டும் கண் சிமிட்டின. இருபத்திரண்டு... இருபத்து மூன்று...

டொக்... டொக்...

“மறுபடியும் நடக்கறான்...” ஹவாகான் முணுமுணுத்தாள்.

“சும்மா வாங்கக்கா.” ஜிபாரின் உடம்பு சிலிர்த்தது. அந்தச் சத்தம் அவள் கூடவே வருவது போலிருந்தது. அவள் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது.

‘எங்கங்க இருக்கீங்க...?’ மனசுக்குள் கேட்டாள்.

கைனசார் இப்போது ரொம்ப லேசாக நடந்தான். உதடு ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தது. சார்ஜென்டைப் பார்த்து மதியத்துக்கு எங்கே புலாவ் நன்றாக இருக்கும் என்று விசாரித்தான்.

பாதை வளைந்தது. பெரிய மரங்கள் முடிந்து இளங்கன்றுகளின் வரிசை ஆரம்பித்தது. போன இலையுதிர் காலத்தில் நட்ட இருபது ஆப்பிள் கன்றுகள். இடுப்பு உயரம்.

ஒன்று... இரண்டு... மூன்று... கடந்துகொண்டே போனார்கள்.

ஆறாவது கன்று.

கைனசாரின் விசில் நின்றது.

அவன் நடை நிற்கவில்லை. தலை திரும்பவில்லை. ஆனால்... அவனுடைய இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்தன. உள்ளங்கைகள் விரிந்தன. நெற்றியிலிருந்து தாடை வரை முகத்தைத் தடவி இறங்கின.

உதடு அசைந்தது.

“ஓமின்.”

அரை விநாடி. அவ்வளவுதான். விசில் மறுபடி ஆரம்பித்தது.

இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. நாலு வயதில் அப்பாவின் குதிரையில் உட்கார்ந்து பழகுவது. கல்லறையைத் தாண்டினால் கை முகத்துக்குப் போகும். ஜீப் ஓட்டும்போதும் போகும். குடித்திருந்தாலும் போகும். ஒருவர் ஓமின் சொன்னால் கூட இருப்பவர்களும் சொல்ல வேண்டும்... அதுவும் பழக்கம்.

அதனால்...

பனிக்குள் ஒன்பது டீச்சர்களின் பதினெட்டுக் கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன.

ஹவாகான் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முகத்தைத் தடவினாள். ஷெர்மமத் விலங்கோடு தடவினார். சார்ஜென்ட்கூடத் தடவினான்.

“ஓமின்... ஓமின்... ஓமின்...”

கைகள் இறங்கின.



ஒரு டீச்சர் மெதுவாகக் கேட்டாள். “இப்ப நாம யாருக்கு ஓதினோம்?”

“அதானே...” பூர்மகான் நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். “இங்க ஏது கல்லறை?”

ஜிபார் சார்ஜென்டைத் தாண்டி முன்னால் வந்தாள்.

“கேப்டன்!”

“என்ன தங்கச்சி?”

“இப்ப என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணினேன்? நடந்தேன்.”

“முகத்தைத் தடவி ஓமின் சொன்னீங்க.”

“நானா?” கைனசார் உண்மையாகவே திகைத்தான். அவனுக்கே தெரியவில்லை! தன் இரண்டு கைகளையும் யாரோ அந்நியருடையவை மாதிரிக் குனிந்து பார்த்தான். “பனி... முகம் ஈரமா இருந்துச்சு... துடைச்சேன்.”

“ஈரத்தைத் துடைக்கறவன் ஓமின் சொல்ல மாட்டான்டா,” என்றாள் பூர்மகான்.

ஜிபார் ஆறாவது கன்றின் அருகே போனாள்.

“அவர் காணாமப் போன மறுநாள் காலையில நட்ட கன்னுங்க இது. போலீஸ்காரங்க மரம் நடற விழா. முன்னாடி நாளே குழியெல்லாம் வெட்டி வெச்சிருந்தோம்...”

“நான்தான் வெட்டினேன்!” ஹவாகானின் குரல் உச்சத்துக்குப் போனது. “இருபது குழி! ஒவ்வொண்ணும் என் இடுப்பு ஆழம்! விடிஞ்சு வந்து பாத்தா ஒரு குழி முழங்கால் ஆழம்தான் இருந்துச்சு. எவனோ சோம்பேறிப் பய மண்ணைத் தள்ளிட்டான்னு திட்டினேன்... இந்தக் கேப்டன்தான் ‘பரவாயில்லை அக்கா, இதுல நானே நடறேன்’னு மண்வெட்டியை வாங்கினாரு! எவ்வளவு நல்ல மனுஷன்னு வீட்டுல போய்ச் சொன்னேனே!”

ஜிபார் கன்றிலிருந்து கேப்டன் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதானே கழலை லாரிக்குக் காவல்?” ஜிபாரின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. “அது தெரியாம அவர் உங்ககிட்டயே புகார் சொல்ல வந்தார். உங்களைப் போலீஸ்னு நம்பினார். சுத்தியலை நீங்க எடுத்து வெச்சுக்கிட்டீங்க. இன்னிக்கு அதைக் கையோட கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, அலமாரியில கெடச்ச மாதிரிக் காட்டினீங்க.”

“ஆத்துலன்னு சொன்னீங்களே சார்...” சார்ஜென்ட் எதிர்த் திசையில் கை காட்டினான். “ஆறு அந்தப் பக்கம் இருக்கு சார்.”

கைனசாரின் முகம் மாறியது. தொப்பையும் சிரிப்பும் உள்ளே போய், வேறு யாரோ வெளியே வந்து நின்ற மாதிரி.

கையில் பிஸ்டல்!

“அந்தப் பிடிவாதக்காரன்...” பல்லைக் கடித்தான். “‘கேஸ் எழுது, எழுது’ன்னு ஒரே வார்த்தை. மரத்துக்காக! பேசாத மரத்துக்காக! ஒரு தள்ளுதான் தள்ளினேன்... தலை கல்லுல பட்டுச்சு. யாரும் நகராதீங்க! துருஸ்பெக், ஜீப் சாவி!”

சார்ஜென்டின் கை பாக்கெட் வரை போய் நின்றது. சாவியை எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பிஸ்டலின் முனை ஜிபாரின் நெஞ்சுக்கு நேராக நின்றது. அவள் நகரவில்லை. அந்தக் கன்றுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

“சுடுங்க. ஒரு வருஷமா இந்த இடத்தைத்தான் தேடினேன். இங்கேருந்து நான் நகர மாட்டேன்.”

“கைனசார்ர்!”

பனி அதிர்ந்தது. முப்பத்தெட்டு வருஷம் வகுப்பறைகளை அடக்கிய குரல் அது.

“கையில இருக்கறதைக் கீழ போடு!”

கேப்டனின் தோள்கள் சட்டென்று விறைத்தன. கண்கள் பூர்மகான் பக்கம் திரும்பின. பிஸ்டல் ஓர் அங்குலம் தாழ்ந்தது. அரை விநாடிக்கு அவன் பத்தாம் வகுப்பில் நின்றான்.

ஹவாகானுக்கு அந்த அரை விநாடி போதும்.

விஷ்ஷ்ஷ்...!

மூன்று ஆள் உயரத்துக் கிளையை ஒரே வீச்சில் உதிர்க்கிற கழி. மணிக்கட்டில் விழுந்தது. பிஸ்டல் ஒரு பக்கம் பறந்தது. அடுத்த அடி முழங்காலில். மூன்றாவது அடிக்கு அவசியம் இல்லை. இருந்தாலும் ஹவாகான் கொடுத்தாள்.

“இது என் குழிக்கு!”

சார்ஜென்ட் ஷெர்மமத்தின் விலங்கைக் கழற்றினான். ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து தன் கேப்டனின் கைகளில் மாட்டினான்.

க்ளிக்!

ஷெர்மமத் மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். “நான் கோழைம்மா... அன்னிக்குச் சாயங்காலம் இவன் ஜீப் பூங்காவுல நிக்கறதைப் பாத்தேன். கேக்கப் பயந்தேன். நாலு நாளா அந்தத் துணி என்னைத்தான் கேள்வி கேக்குதுன்னு...”

ஜிபார் அவர் தோளைத் தொட்டாள். சொல்ல இன்னொரு நாள் வரும்.

மண்வெட்டி வந்தது. சார்ஜென்டே வெட்டினான். கன்றின் வேர் அறுந்துவிடாமல் அதை மண்ணோடு பெயர்த்து ஹவாகான் தள்ளி வைத்தாள். ஓரடி... இரண்டடி...

ஈர மண்ணுக்கடியில் நீலம் தெரிந்தது. வெள்ளைக் கட்டம்.

“போதும்,” என்றாள் ஜிபார். “மிச்சத்தை மேலேயிருந்து ஆளுங்க வந்து பாக்கட்டும். அவருக்குக் குளிரும்... மூடி வைங்க.”

தலைத்துணியை உதறி விரித்து அந்த நீலத்தின் மேல் போர்த்தினாள். மண்டியிட்டாள்.

ஒரு வருஷமாக எந்தத் திசைக்கும் திரும்பத் தெரியாமல் மடியில் கிடந்த கைகள்...

மெல்ல எழுந்தன. விரிந்தன. நெற்றியிலிருந்து தாடை வரை இறங்கின.

“ஓமின்,” என்றாள் ஜிபார். “வந்துட்டேங்க.”

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். ஒன்பது டீச்சர்களும் அவளைச் சுற்றி நின்று பனியை மறைத்துக்கொண்டார்கள்.

வெகுநேரம் கழித்து சார்ஜென்ட் துருஸ்பெக் நோட்டும் பேனாவுமாகப் பூர்மகானிடம் வந்து தயங்கினான்.

“டீச்சர்... மாகாண ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்பணும். குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது யாருன்னு ஒரு பத்தி இருக்கு. உங்க பேரைப் போடவா... இல்லை, ஜிபார் அக்கா பேரையா?”

பூர்மகான் கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தாள்.

“யார் பேரும் வேணாம். கேப்டன் கைனசாரோட ரெண்டு கைகள்னு எழுது. ஒரு வருஷமா இந்தக் கேஸ்ல உண்மையைச் சொன்ன போலீஸ் அது ரெண்டு மட்டும்தான்!”